அடுப்புக்கல்லில் ஒரு வெற்றிலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

"உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டீர்கள். மூன்று முறை சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தேன். எழுதவும் அலுப்பு, கதைக்கவும் அலுப்பு. நூதனசாலையில், அதுதான் இந்த லண்டன் மியூசியத்தில், இருபத்திரண்டு வருஷம் நின்றவனுக்கு என்ன மிஞ்சும்? குதிக்கால் வலிதான் மிஞ்சும். ஆகவே முதல் புத்திமதி, நல்ல சப்பாத்து வாங்குங்கள். வேலையில் சும்மா தருகிற சப்பாத்தோடு கல்லுத் தரையில் எட்டு மணித்தியாலம் நின்றால், ஐம்பது வயதிலேயே என்னைப் போல ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவீர்கள்.

மணியை எப்போது அடிப்பது, கதவை எப்படிப் பூட்டுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் செய்த பிழையைச் சொல்லப்போகிறேன். செய்தது பிழை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை எந்த இடத்தில் தொடங்கினேன் என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வாய்த்த சூப்பர்வைசர் ஓர் ஐரிஷ் பெண்மணி. வாய் திறந்தால் ஏச்சு. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "ஆட்களின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்" என்றார். முகத்தை வைத்து முடிவெடுக்கிறவன் இந்த வேலைக்கு உதவமாட்டான் என்பது அவருடைய கொள்கை. நான் கேட்டேனா? அடுத்த மாதமே கோட்டும் டையுமாய் வந்த ஒரு கனவானை நம்பி மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். அந்த மனிசன் நகம் வெட்டியால் ஒரு பளிங்குக் காலின் பெருவிரலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அன்று வாங்கிய ஏச்சு இன்னும் காதில் கிடக்கிறது. அதற்குப் பிறகு நான் கைகளைத்தான் பார்த்தேன், ஓராளுடைய கையைத் தவிர.

என்னைக் கிரேக்கப் பகுதியின் கடைசி அறையில் போட்டிருந்தார்கள். அங்கே நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. பெயர்பெற்ற சிலை ஒன்றும் கிடையாது. வருகிறவர்கள் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அறையின் நடுவில் தாழ்வான மேடையில், கயிறு கட்டி, ஒரு வட்டக்கல் இருந்தது. ஆட்டுக்கல்லை விடப் பெரிது, நடுவில் பள்ளம், பள்ளத்தில் கரி பிடித்த கறுப்பு. முதல் இரண்டு வருஷம் அதை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஆய்வாளர், சின்ன வயதுப் பெண், காவலர்களைக் கூட்டி வைத்து அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னார். பழைய கிரேக்க நகரங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் இருந்ததாம். ஊரின் அடுப்பு அதற்குள்ளே. அந்த அடுப்பில் நெருப்பு அணையவே கூடாது. அந்த நெருப்புத்தான் தெய்வம், அதற்குத் தனியாகச் சிலைகூட வேண்டியதில்லை. அதே கட்டடத்தில்தான் ஊரை நடத்துகிற அதிகாரிகள் முறை போட்டு இருந்து அலுவல் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள். வெளியூர்த் தூதர் வந்தால் ஊர்ச் செலவில் அங்கே விருந்து. ஊருக்கு நல்லது செய்தவருக்கும் அங்கே சாப்பாடு. புது ஊர் குடியேறப் போகிற சனம் கப்பல் ஏற முதல் அந்த அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துக்கொண்டு போகுமாம், போகிற இடத்தில் அதே நெருப்பு எரிய வேண்டும் என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் அரசாங்க அலுவலகமான கச்சேரியையும் கோயிலையும் அன்னதான மடத்தையும் ஒரே கூரைக்குக் கீழே கட்டினால் எப்படி இருக்கும்! கும்பிடப் போகிறவன் வரி கட்டாமல் திரும்பி வரமாட்டான். ஆனால் அன்று பின்னேரம் எல்லாரும் போன பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். நெருப்பை எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற கதை என்னைப் பிடித்துவிட்டது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்ஸுக்கும் பிரான்ஸிலிருந்து லண்டனுக்கும் வந்தபோது ஒரு ஜீன்ஸையும் ஒரு பொய்ப் பாஸ்போர்ட்டையும்தான் கொண்டு வந்தேன்.

இனி அந்த அக்கா. இரண்டாயிரத்து ஒன்பது, ஆனி மாதம். வன்னியில் யுத்தம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அந்த நாட்களில் எங்கள் சனம் லண்டனில் எப்படி நடமாடியது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்காது. வேலைக்குப் போவோம், வருவோம், டெலிபோன் அடித்தால் எடுக்கப் பயப்படுவோம். ஒரு செவ்வாய்க்கிழமை அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் அறைக்கு வந்து மர வாங்கில் உட்கார்ந்தார். சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் ஓட்டக்காரர் போட்டுக்கொண்டு ஓடுகிற சப்பாத்து. என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தம்பி தமிழோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"கால் உளைவு. கொஞ்சம் இருந்திட்டுப் போறன். ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

"இருக்கத்தானே வாங்கு போட்டிருக்கு. இருங்கோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். ஹவுன்ஸ்லோவில் வீடு, விமானத்துக்குச் சாப்பாடு பொதி பண்ணுகிற இடத்தில் வேலை, செவ்வாய் ஓய்வு நாள். இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. மூன்றாம் செவ்வாய் மற்றக் கதை வந்தது. தாய் செத்த பிறகு அவரே தூக்கி வளர்த்த தம்பி வன்னியில் நின்றவர். சித்திரைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பியின் மனைவி அங்கே அகதி முகாமில். அந்தப் பெண் தன் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று அடித்துச் சொல்கிறாள். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் டெலிபோனை வைத்துவிடுகிறாள்.

"அவன் இருக்கிறான் எண்டு விளக்கேத்தவும் ஏலேல்லை தம்பி, இல்லை எண்டு தலைமுழுகவும் ஏலேல்லை" என்றார். "கோயிலுக்குப் போனா அய்யர் கேப்பார், ஆற்றை பேருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் எண்டு. பக்கத்திலை நிக்கிறவளுக்குக் காது நீளம். அடுத்த நாள் முகாமுக்குக் கதை போயிடும். அதுதான் தெரிஞ்ச சனம் ஒருத்தரும் வராத இடமாப் பாத்து இஞ்சை வந்து இருக்கிறன்."

பிறகு கல்லைக் காட்டி, "இது என்ன அடுப்போ?" என்று கேட்டார்.

தம்பி, தங்கச்சிமாரே, பிழை இங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். நான் அவருக்கு அந்தக் கல்லின் கதையைச் சொன்னேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன். அணையாத நெருப்பைச் சொன்னேன், சிலை இல்லாத தெய்வத்தைச் சொன்னேன், ஊரை விட்டுப் போகிறவர்கள் நெருப்பைக் காவிக்கொண்டு போனதைச் சொன்னேன். அது அதிகாரிகள் இருந்த கட்டடம், அந்த நெருப்பு ஊருக்குச் சொந்தம், தனி ஆள் தன் பாட்டுக்கு வந்து கொளுத்துகிற இடமில்லை என்பதை விட்டுவிட்டேன். அந்த அக்கா அப்போது பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, மாதக் கணக்கில் அரசாங்கக் கந்தோர் கந்தோராய் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆறுதலுக்கு வந்து இருக்கிற இடத்தையும் கந்தோர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அவையின்ரை கோயில் அக்கா" என்று முடித்துவிட்டேன்.

அவர் எழும்பிப் போய்க் கயிற்றுக்கு மேலால் கையை நீட்டிக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொடக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்றவர்களுடைய கையைக் கழுகு மாதிரிப் பார்க்கிறவன், எங்கடை ஆள்தானே என்று இந்தக் கையை விட்டேன்.

ஆவணி மாதம், செவ்வாய், பின்னேரம் இரண்டு மணி இருக்கும். பக்கத்து அறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அக்கா கயிற்றுக்கு உள்ளே நின்றார். கல்லின் பள்ளத்தில் ஒரு வெற்றிலை. வெற்றிலைக்கு நடுவில் கற்பூரம், எரிந்துகொண்டிருந்தது.

ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். இரண்டாயிரம் வருஷக் கல். மேலே புகை மணி. அது அடித்தால் கட்டடத்தில் இருக்கிற அத்தனை சனமும் தெருவுக்குப் போக வேண்டும், தீயணைப்பு வரும், பொலிஸ் வரும். நூதனசாலையில் நெருப்பு வைத்த பெண்ணுக்கு யார் பிரஜாவுரிமை கொடுப்பார்கள்? எனக்கும் வேலை போகும், வீட்டுக்கடன் பாதியில் நிற்கிறது. செய்ய வேண்டியது சுலபமான வேலை. உள்ளங்கையால் ஒரு பொத்து, அல்லது ஓர் ஊதல். குனிந்தேன்.

"நூக்காதேங்கோ தம்பி!" அக்கா என் கையைப் பிடித்தார். "அணைச்சுப் போடாதேங்கோ. தானா எரிஞ்சு நூந்தா அவன் இருக்கிறான், இடையிலை நூந்தா அவன் இல்லை, முப்பத்தொண்டு செய்யிறது எண்டு நினைச்சு வைச்சுத்தான் கொளுத்தினனான். நீங்கள் நூத்தா நீங்கள்தான் அவனை..."

"அக்கா, இஞ்சை இப்பிடிக் கொளுத்தேலாது. இது கோயில் மட்டுமில்லை, கச்சேரியும்தான். நான் உங்களுக்கு முழுக்கச் சொல்லேல்லை. இந்த நெருப்பைக் காவலுக்கு நிக்கிறவை மட்டும்தான் தொடலாம்."

"அப்ப நீங்கள்தானே காவல்!" என்றார்.

அதற்கு ஒரு மறுமொழி உங்களிடம் இருக்கும் என்றால் நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரர்.

இடுப்பில் வோக்கி-டோக்கி இருந்தது. அதை எடுக்கவில்லை. வெற்றிலையின் காம்பைப் பிடித்து, மற்றக் கையால் அடியில் ஏந்தி, எரியும் கற்பூரத்தோடு தூக்கினேன். கல்லில் ஒன்றும் படவில்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். அறையின் மூலையில் அவசரக் கதவு, பத்துப் பன்னிரண்டு அடி. இலை சுருங்கத் தொடங்கிவிட்டது, உள்ளங்கை சுட்டது. காலுளைவு, குதிக்கால் ஒன்றும் தெரியவில்லை. தோளால் கதவைத் தள்ளினேன். கதவு மணி வீல் என்று கத்தியது.

வெளியே படி இறங்கினால் குப்பைத் தொட்டிகள் நிற்கிற சின்ன முற்றம். கதவைத் திறந்தவுடன் காற்று முகத்தில் அடித்தது. உடம்பைத் திருப்பி மறைத்தேன், கையைக் குவித்தேன். பிரயோசனமில்லை. இலையை நிலத்தில் வைக்கக் குனியும்போதே சுடர் ஒரு பக்கம் சாய்ந்து போய்விட்டது. இலையில் கற்பூரம் பாதித் துண்டு வெள்ளையாய்க் கிடந்தது.

அக்காவுக்கு முழங்கால் ஏலாது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாய் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர எனக்கு நாலைந்து விநாடி கிடைத்தது. அந்தத் துண்டை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

வந்தார். கருகிய வெற்றிலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"தானா நூந்ததோ தம்பி, காத்து நூத்ததோ?"

"தானா அக்கா. முழுக்க எரிஞ்சு தானா நூந்தது."

தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. படியில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் மீதா, என் மீதா, யார் மீது என்று தெரியாத ஆத்திரம். "எழும்புங்கோ, ஆக்கள் வரப்போயினம், அந்தப் பக்கக் கேற்றாலை போங்கோ" என்று அதட்டினேன். வயதுக்கு மூத்த பெண்ணை அப்படி அதட்டியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சூப்பர்வைசர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது நானும் கருகின இலையும்தான் நின்றோம்.

அன்று ஒரு பொய் சொன்னால் தப்பியிருக்கலாம். அந்த மூலைக்குக் கமெரா எட்டாது. கதவை யாரோ பிள்ளைகள் தள்ளிவிட்டார்கள் என்று எழுதினால் முடிந்தது. ஆனால் கல்லை நிபுணர்கள் பார்க்க வேண்டும் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத சேதம் இருந்தால்? அதை மறைத்தால் இத்தனை வருஷம் அங்கே எதற்கு நின்றேன்? உட்கார்ந்து அறிக்கையில் முழுவதையும் எழுதினேன். பாதிக் கதை சொன்னதை எழுதினேன், தொட விட்டதை எழுதினேன், நெருப்பைக் காவிக்கொண்டு போனதை எழுதினேன், அறையைக் காவலில்லாமல் விட்டதையும் எழுதினேன்.

சூப்பர்வைசர் இரண்டு தரம் வாசித்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"ஏன் ஊதி அணைக்கவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

என் ஆங்கிலத்துக்கு அது பெரிய கேள்வி. எங்கள் ஆட்கள் சாமிக்கு ஏற்றிய நெருப்பை ஊதுவதில்லை என்றேன். காணாமல் போன ஒருவருக்காக ஏற்றினது என்றேன். அவர் பேனையை எடுத்தார்.

"அந்தப் பெண்ணின் பெயர்?"

"தெரியாது."

"மூன்று மாதம் பழகியிருக்கிறாய். என்ன சொல்லிக் கூப்பிட்டாய்?"

"அக்கா."

அது சத்தியமான உண்மை. எங்கள் ஆட்களில் அக்கா, அண்ணை, மாமி என்று ஒரு முறை வந்துவிட்டால் பிறகு யார் பெயரைக் கேட்கிறார்கள்? சூப்பர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெயர் தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கல்லைப் பரிசோதித்தார்கள். சேதமில்லை, வெற்றிலை காப்பாற்றிவிட்டது. எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் தந்து, மண்டபத்திலிருந்து எடுத்து, வாசலில் கோட்டு வாங்கி வைக்கிற மேசைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றேன். நியாயமான தண்டனை, எனக்கு முறைப்பாடு ஒன்றுமில்லை.

அறிக்கையில் எழுதாத ஒன்றே ஒன்று அந்தப் பாதிக் கற்பூரம். அன்று யூனிபோர்ம் கோட்டுப் பைக்குள் போட்டேன். அந்தக் கோட்டை அலுமாரியில் தொங்கவிட்டேன், பிறகு தொடவில்லை. வேலையை விட அந்தத் துண்டுதான் எனக்குப் பாரமாக இருந்தது. ஒரு பெண்ணை, வராத ஒருவனுக்காகக் காத்திருக்க வைத்துவிட்டேனே, எத்தனை வருஷம் காத்திருக்கப் போகிறாவோ என்று வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் யோசிப்பேன். மாசி மாதம் குளிர் கூடிய ஒரு நாள் அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ரயிலில் பைக்குள் கையை விட்டேன். ஒன்றுமில்லை. தையல் மூலைவரை தடவினேன். வாசம் மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய், மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. தலையை நிமிர்த்தாமல் கோட்டு வாங்கி நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஓடுகிற சப்பாத்து வந்து நின்றது.

"தம்பி, இஞ்சையோ போட்டிருக்கினம்?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, அண்டைக்கு..."

"தையிலை முப்பத்தொண்டு செய்தாச்சு" என்றார். "அவளும் ஓமெண்டிட்டாள். டெலிபோனிலை ரெண்டு பேரும் நல்லா அழுதம். இனிக் காணும், போதும்."

"அண்டைக்கு அது தானா நூரேல்லை அக்கா. காத்து..."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"பொத்திக்கொண்டு நிண்டியளே, உங்கடை கை மணந்தது." கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான். ஆராவது ஒராள், அவன் இருக்கிறான் எண்டு ஒருக்கா வாய் திறந்து எனக்குச் சொல்லவேணும் போல கிடந்தது. ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னியள்."

பின்னால் நின்ற வெள்ளைக்காரர் தொண்டையைச் செருமினார். நிற்கட்டும் என்று விட்டேன்.

"அந்தத் துண்டு எங்கை?" என்று கேட்டார்.

"பொக்கற்றுக்கை போட்டனான். கரைஞ்சு போச்சு அக்கா. தானா."

அக்கா சிரித்தார், கண் நிறைந்திருந்தது. "அப்ப நீங்கள் சொன்னது பொய்யில்லை."

ஆகவே, தம்பி, தங்கச்சிமாரே, நான் செய்ததைச் செய்யாதீர்கள். நெருப்பைக் கண்டால் வோக்கியை எடுங்கள். கைகளைப் பாருங்கள், எங்கள் ஆட்களின் கைகளையும் பாருங்கள். ஒரு பொருளைப் பற்றி யாராவது கேட்டால், அவருக்குப் பிடித்த பாதியை மட்டும் சொல்லாமல் முழுவதையும் சொல்லுங்கள். அது கோயிலும்தான், கச்சேரியும்தான் என்று அன்று ஆனி மாதமே சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அதற்கு மேல் என்னால் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

அன்று அக்காவின் கோட்டைக் கொளுவியில் மாட்டினேன். நம்பரைக் கொடுக்கும்போது, "அக்கா, உங்கடை பேர் என்ன?" என்று கேட்டேன். சொன்னார். தம்பியின் பெயரையும் சொன்னார். சூப்பர்வைசருக்கு நான் சொன்ன மறுமொழி அந்த நிமிஷம்வரை உண்மையாக இருந்தது. இப்போது எனக்கு இரண்டு பெயரும் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.